சூசைராஜ் வைத்த பரீட்சை

தானாகத் தேடி வருகிற நல்லதை நம்பாதவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், அதற்குத் தலைவராக ஹைதராபாத் லோத்குண்டா சூசைராஜைத்தான் போட வேண்டும். தர்பூசணி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் நாமெல்லாம் இரண்டாக வாங்குவோம். அவர், ‘ஏன் குறைக்கிறான்?’ என்று பழத்தைத் தூக்கித் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வருவார். அடுத்த தெருவில் முழு விலை கொடுத்து வாங்கிய பழம் வீட்டில் வந்து வெள்ளையாக இருக்கும். அப்போதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஏமாற்றுகிறான் என்று முன்பே தெரியும் என்பார்.

அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். சனத்நகரில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறார். நல்ல வால்வு என்று மற்றவர்கள் அனுப்புவதை, ‘இது எங்கே கோணலாக இருக்கும்?’ என்று பார்ப்பதுதான் தொழில். அவர் கையிலிருந்து தப்பிய கோணல் வால்வு கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சந்தேகக் கண்ணாடியைக் கழற்றி வைக்க மாட்டார் என்பதுதான் தொல்லை.

அப்பேர்ப்பட்டவருடைய மனைவிக்குக் கம்போடியாவிலிருந்து வேலை வந்தது.

ஜெஸ்ஸி ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எத்தனையோ வருடமாக அதே கரும்பலகை, அதே சோதனைக் குழாய், அதே பெற்றோர் புகார். நோம் பென் நகரத்தில் ஒரு சர்வதேசப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்க்கும் சபீனா சொன்னாள். இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டார்கள். சபீனாவுக்குக் கிடைக்கவில்லை, ஜெஸ்ஸிக்குக் கிடைத்தது. வீடு தருகிறார்கள், மூன்று பேருக்கும் விமான டிக்கெட் தருகிறார்கள், மகள் ஹர்ஷிதா அதே பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம். ஆசிரியரைப் பற்றி ஒரு விசாரணை முடிந்தால் விசா வேலை தொடங்கிவிடும்.

“பணம் எவ்வளவு கட்டணும்?” என்றார் சூசைராஜ்.

“ஒண்ணும் கட்ட வேணாம்ங்க.”

“மெடிக்கல், ப்ராசஸிங், அது இதுன்னு?”

“எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க.”

“அப்ப நக்கோ, வேணாம். கேக்காம கொடுக்கிறவன் எதையோ எடுக்கத்தான் வர்றான்.”

எட்டாம் வகுப்பு படிக்கும் ஹர்ஷிதாவுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்குதான். “டாடி, நுவ்வு அசலு எவரினைனா நம்முதாவா?” என்றாள். யாரையாவது நீங்கள் நம்புவதுண்டா என்று கேட்கிறாள். கேள்வியிலும் ஏதோ உள்குத்து இருப்பதாகச் சூசைராஜுக்குப் பட்டது.

நேர்முகத்தேர்வு வீடியோவில் நடந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்திருந்தார். தலைமை ஆசிரியர் ஒரு வெள்ளைக்காரர். சிரித்த முகம், பின்னால் புத்தக அலமாரி. “எல்லாப் புத்தகமும் ஒரே உயரமா இருக்கு பாத்தியா? அது அலமாரியே இல்ல, படம். ஒட்டி வெச்சிருக்கான்” என்றார். ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பள்ளியின் இணையதளத்தைப் பார்த்தார். அதில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்?

இது போதாதென்று ஜெஸ்ஸி பால்கனிக்குப் போய்ப் போனில் தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள். இவர் துணி எடுக்கிற சாக்கில் போனால் பேச்சு நின்றுவிடும். “யாரு?” என்றால் “சபீனா” என்பாள். சபீனாவிடம் பேசுவதற்குக் குரலை ஏன் தணிக்க வேண்டும்?

உண்மையைச் சொன்னால், சூசைராஜுக்குச் சந்தேகத்தைவிடப் பயம் அதிகம். பயத்துக்குச் சந்தேகம் என்று பேர் வைத்துக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளி அனுப்பிய படிவத்தில் ஹர்ஷிதா பேருக்கு எதிரே ‘சார்ந்திருப்பவர்’ என்று இருந்தது. அவருடைய பேருக்கு எதிரேயும் அதே வார்த்தைதான். லாலாகுடா ரயில்வே பட்டறைக்குத் தாத்தா வேலைக்கு வந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளை யாரும் அடுத்தவர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தெரியாத ஊரில், காலையில் மனைவியும் மகளும் பள்ளிக்குப் போன பிறகு, தான் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பயம்.

அந்தப் படிவத்தில் அவருக்குப் பிடித்த இடமும் ஒன்று இருந்தது. அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் ஜெஸ்ஸி அவருடைய நம்பரைப் போட்டிருந்தாள். “எனக்கு ஏதாவதுன்னா முதல்ல உங்களுக்குத்தான் போன் வரும்” என்றாள். கல்யாணமானதிலிருந்து எந்தப் படிவமானாலும் அந்த இடத்தில் அவர் நம்பர்தான். அதைப் பார்க்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் ஆறும்.

தொழிற்சாலை கேன்டீனில் முகமது யூசுப்பிடம் விஷயத்தைச் சொன்னார். யூசுப் பாய் ஃபோர்மேன். தமிழ்க்காரர்களோடு பழகிப் பழகி, தமிழை உருதுவில் முக்கி எடுத்துப் பேசுவார்.

“கம்போடியாவா? கைக்கு, எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி?” என்றார் பாய். “எங்க கல்லித் தெருவுல ஒரு பையன் கம்ப்யூட்டர் வேலைன்னு போனான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டு, ரூம்ல போட்டுப் பூட்டி, போன் பண்ணி ஊரை ஏமாத்தற வேலை கொடுத்தானுங்க. திரும்பி வர்றதுக்குள்ள அவங்கம்மா பாதியாப் போயிட்டா.”

“பணம் கேட்டானா அவன்கிட்ட?”

“ஒரு பைசா கேக்கல.”

“இவங்களும் கேக்கல பாய்.”

“ஹவ்! அப்ப பக்கா தோக்கா, ஏமாத்து வேலைதான்” என்று யூசுப் பாய் டீயை முடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்தவனுக்கு யோசனை சொல்வது எவ்வளவு சுலபம்!

சூசைராஜ் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எப்படி விசாரிப்பது? அப்போதுதான் அவருடைய தொழிலே அவருக்குக் கை கொடுத்தது. கொடுத்ததாக அவர் நினைத்தார்.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த ஆள் ஒழுங்காகச் சோதிக்கிறானா என்று தெரிய வேண்டுமானால், நல்ல வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்ட ஒன்றைத் தெரிந்தே போட்டு அனுப்புவார். கண் உள்ளவன் அதைப் பொறுக்கி வெளியே வைப்பான். கடனே என்று பார்ப்பவன் அதற்கும் சேர்த்து முத்திரை குத்தி அனுப்பிவிடுவான். ஆளைப் பிடிக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. விசாரணைக்கு என்று எவனாவது வரட்டும், அவனுக்கும் ஒரு கெட்ட பீஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஜெஸ்ஸியும் ஹர்ஷிதாவும் தையல்காரரிடம் போயிருந்தார்கள்.

“வணக்கம், சூசைராஜ் சாருங்களா? என் பேர் பாபு. ஜெஸ்ஸி மேடம் வேலை விஷயமா வெரிஃபிகேஷனுக்குப் பேசுறேன் சார்.”

“எங்கருந்து பேசுறீங்க?”

“சென்னைலருந்து சார்.”

“ஸ்கூல் கம்போடியால. நீங்க சென்னைல. நான் இருக்கறது ஹைதராபாத்ல. என்கிட்ட தமிழ்ல பேசணும்னு யார் சொன்னா?”

“பேரைப் பாத்தாத் தெரியாதா சார்?” என்று பாபு சிரித்தான். “இந்தியாவுல விசாரிக்கிற வேலைய அந்த ஸ்கூல் எங்க கம்பெனிகிட்ட கொடுத்திருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான் சார்.”

சிரிக்கிறான். விசாரிக்க வந்தவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? சூசைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டு முகவரி, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், மேடம் எந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று பாபு கேட்டான். எல்லாவற்றுக்கும் சரியான பதிலே சொன்னார். கெட்ட பீஸை முதலிலேயே போடக்கூடாது, நல்லதுக்கு நடுவில்தான் போட வேண்டும்.

“மேடம் மேல வேலைல ஏதாவது கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கா சார்? எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான்.”

“ஒண்ணு இருக்கு” என்றார் சூசைராஜ். “ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையனை ஸ்கேலால அடிச்சிட்டா. கை ஒடஞ்சு போச்சு. கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெளிய தெரியாம அமுக்கிட்டோம்.”

கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வாசலில் விடுகிறவள் ஜெஸ்ஸி. அவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. நிஜமான பள்ளிக்கூடத்து ஆளாக இருந்தால் இதைக் கேட்டதும் பதறுவான், என்ன சார் சொல்றீங்க என்று குதிப்பான், நாலு கேள்வி கேட்பான். போலியாக இருந்தால் அவனுக்கென்ன? ஆள் கிடைத்தால் போதும். சூசைராஜ் காத்திருந்தார். அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“நோட் பண்ணிக்கிட்டேன் சார். ஒத்துழைப்புக்கு நன்றி” என்று சொல்லி பாபு வைத்துவிட்டான்.

சூசைராஜ் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். விரிசல் விட்ட வால்வுக்கு முத்திரை குத்திவிட்டான் பயல்! பக்கா தோக்கா. இதை ஜெஸ்ஸியிடம் உடனே சொல்லலாம், ஆனால் அவளும் சபீனாவும் சேர்ந்து ஏதாவது சமாதானம் கண்டுபிடிப்பார்கள். விசாக் காகிதம் வரட்டும், அதை மேசையில் போட்டு, ‘பிள்ளையை அடிச்சவள்னு சொன்ன பிறகும் கூப்பிடறான் பார், இதுவா பள்ளிக்கூடம்?’ என்று ஒரே போடாகப் போடலாம் என்று காத்திருந்தார்.

ஜெயித்தவனுக்கு வருகிற நல்ல குணம் அவருக்கும் வந்தது. வீட்டில் சிரித்துப் பேசினார். “போலாம், போலாம், கம்போடியாவுக்கே போலாம்” என்றார். ஜெஸ்ஸி அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு, ஜெனரல் பஜாரில் ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தாள். காப்பி கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. “நீங்க ஒத்துக்க மாட்டீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க இல்லாம நான் எங்கயும் போகமாட்டேன், தெரியும்ல?” என்றாள். சூசைராஜுக்கு உள்ளே எங்கோ முள் குத்தியது. ஏமாறப் போகிறாளே பாவம் என்று அதற்குக் காரணம் கற்பித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தலைமை ஆசிரியர் வீடியோவில் அழைத்தார். ஜெஸ்ஸி அவசரமாகத் தலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். சூசைராஜ் வழக்கம்போலச் சமையலறை வாசலில். இன்றைக்கு அந்த வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. மிகவும் வருந்துவதாகவும், நியமனத்தை ரத்து செய்துவிட்டதாகவும் சொன்னார். ஜெஸ்ஸி கொடுத்த தொடர்புகளில் ஒருவர் ஒரு குழந்தையின் பாதுகாப்பு பற்றித் தீவிரமான விஷயம் சொல்லியிருக்கிறார், யார் என்று சொல்வதற்கில்லை, இந்த ஒரு விஷயத்தில் தங்கள் பள்ளி எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பெண் வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, புரட்டிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள்.

சூசைராஜ் வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்து பார்த்தார். அது படமில்லை. அலமாரி நிஜம், புத்தகம் நிஜம், பள்ளிக்கூடம் நிஜம். அவர் போட்ட கெட்ட பீஸை அவர்கள் பொறுக்கி வெளியே வைத்துவிட்டார்கள். பரீட்சை கொஞ்சமும் பிசகவில்லை. இத்தனை நாளாக அவர் தெரிந்துகொள்ளத் துடித்த விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளி அசல்.

அழைப்பு முடிந்த பிறகும் ஜெஸ்ஸி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, “குழந்தையா? நான் எந்தக் குழந்தைய என்னங்க பண்ணேன்?” என்றாள். அழுகை வரவில்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. “மூணே மூணு நம்பர்தான் கொடுத்தேன். எங்க ஸ்கூல் பிரின்சிபால், சபீனா, நீங்க. பிரின்சிபால் சொல்லமாட்டாங்க, அவங்க ஸ்கூல் பேர்தான் கெட்டுப்போகும். அப்ப யாரு?”

சூசைராஜ் வாயைத் திறந்தார்.

“அவளுக்குக் கிடைக்கல, எனக்குக் கிடைச்சிருச்சு. அதான்” என்றாள் ஜெஸ்ஸி. இவர் கை நீட்டித் தடுப்பதற்குள் சபீனாவை அழைத்துவிட்டாள். “ஏன்டி இப்படிப் பண்ணே? உனக்கு இல்லன்னா எனக்கும் இருக்கக் கூடாதா? ஒரு பிள்ளைய வெச்சாடி பொய் சொல்லுவ?” அந்தப் பக்கம் சபீனா, “க்யா ஹுவா ஜெஸ்ஸி? என்ன சொல்றே நீ? அல்லா மேல சத்தியமா எனக்குப் புரியல” என்று பதறுவது அறை முழுக்கக் கேட்டது. “இனிமே என் மூஞ்சில முழிக்காதே” என்று ஜெஸ்ஸி போனைக் கட்டில் மேல் எறிந்தாள்.

அப்புறம்தான் அழுகை வந்தது. “உங்களுக்கும் அங்க வேலை கேட்டு வெச்சிருந்தேங்க. மெயின்டனன்ஸ்ல ஆள் வேணும்னு சபீனாதான் தெரிஞ்சு சொன்னா. பாதிக்கு மேல சரின்னுட்டாங்க. முடிவானதும் சொல்லலாம்னுதான் உங்களுக்குத் தெரியாம பால்கனில போய்ப் பேசுவேன். அவளே இப்படிப் பண்ணிட்டா பாருங்க. இனி யாரை நம்பறது? உங்க ஒருத்தரைத் தவிர யாரையும் நம்பக் கூடாது.”

ஏமாற்றுக்காரர்கள் ஆயிரம் பேர் வந்தாலும் சூசைராஜைச் சாய்த்திருக்க முடியாது. இந்த ஒரு வார்த்தை சாய்த்துவிட்டது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சபீனா இல்ல” என்றார். “நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னார். யூசுப் பாய் சொன்னது, வால்வு, விரிசல், பாபு, ஸ்கேல், ஒடிந்த கை. சொல்லச் சொல்ல அவருக்கே அது எவ்வளவு கேவலமான புத்திசாலித்தனம் என்று தெரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது ஊதத்தான் ஊதினான். இவர் சங்கை உடைத்துவிட்டு, உடைகிறதா என்று பார்த்தேன் என்கிறார்.

ஜெஸ்ஸி அவர் பக்கம் திரும்பினாள். “கைக்கு?” என்று மட்டும் கேட்டாள். ஏன் என்று கேட்கிறாள்.

“பயம்” என்றார்.

அவள் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். “கூப்பிடுங்க அந்தப் பாபுவை.”

பாபு மரியாதையாகத்தான் பேசினான். நான் அன்றைக்குச் சொன்னது பொய், அவள் யாரையும் அடித்ததில்லை, உங்களைச் சோதிக்கத்தான் சொன்னேன் என்று சூசைராஜ் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“எங்களை எதுக்கு சார் சோதிக்கணும்?”

“நீங்க நிஜமான்னு பாக்கறதுக்கு.”

பாபு குரலைத் தணித்துக்கொண்டான். “சார், மேடம் இப்ப உங்க பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்கா.”

“அவங்க சொல்லச் சொன்னாங்களா சார்?”

“இல்ல. இல்லப்பா, நானாத்தான். சத்தியமா நானாத்தான் சொல்றேன்.”

“புரியுது சார்” என்றான் பாபு, வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட மனிதனிடம் பேசுகிற மாதிரி இரக்கமாக. தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “நோட் பண்ணிக்கிட்டேன் சார். ஒத்துழைப்புக்கு நன்றி.”

மறுநாள் சூசைராஜ் தனியாகச் சபீனா வீட்டுக்குப் போனார். அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், முழுதும் கேட்டாள். “அண்ணா, நீங்க என்னைச் சந்தேகப்பட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அவ பட்டாளே” என்றாள். அன்று சாயங்காலமே அவள் ஜெஸ்ஸியைப் பார்க்க வந்தாள். இரண்டு பேரும் பால்கனியில் நின்று பேசினார்கள், குரலைத் தணிக்காமல். பிரின்சிபால் கம்போடியாவுக்கு எழுதிப் பார்த்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

வாங்கிய பெட்டி கூடத்து மூலையிலேயே நின்றது. ஜெஸ்ஸி அதைப் பரணில் ஏற்றவும் இல்லை, சூசைராஜ் ஏற்றட்டுமா என்று கேட்கவும் துணியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும் அவள் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம். சூசைராஜ் இந்த முறை ஒன்றுமே கேட்கவில்லை. பணம் கேட்கிறார்களா, இல்லையா, எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேர் போவதாகத்தான் அவள் நிரப்பியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடம் வந்தது. ஜெஸ்ஸியின் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு சபீனாவின் பேரை அடித்தாள், உறவு என்ற இடத்தில் தோழி என்று அடித்தாள், நம்பரை மனப்பாடமாகவே போட்டாள்.

“ஜெஸ்ஸி…” என்றார் சூசைராஜ்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை. “நம்பர் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. செக் பண்றதுதானே உங்க வேலை.”

சூசைராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் போனில் இருந்த சபீனாவின் நம்பரோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.